பனியில் சறுக்கிய பெட்டி

புத்தூர் தாண்டி யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் கனடாவிலிருந்து வந்திருந்த தம்பியும் இருந்தார்கள்.

“பின்னாலை கொழுவின பெட்டி எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டுதக்கா,” என்றார் தம்பி.

“என்ன பெட்டி?”

“பனியிலை ஓடுற ஸ்கூட்டருகளை ஏத்தி மூடுற பெட்டி. பிக்கப்பிலை கொழுவி இழுக்கிறது. விண்டர் முழுக்க எனக்கு அதுதான் வேலை. இறக்கத்திலை பிரேக் அடிச்சன், ரோட்டெல்லாம் ஐஸ். பெட்டி சுழண்டு வந்து பிக்கப்பைப் பள்ளத்துக்கை தள்ளிப்போட்டுது.”

“கடவுளே! அடி பட்டதோ?”

“இல்லை. கதவுதான் திறக்கேலாமல் போச்சு. ஆக்கள் வரும்வரைக்கும் இரண்டு மணித்தியாலம் உள்ளுக்கையே இருந்தன். கால் விறைச்சுப்போச்சு.”

“உன்ரை மனுசி என்ன சொன்னவ?”

“அவவுக்கு நான் சொல்லேல்லை. சொன்னா வேலையை விடச் சொல்லுவா. இந்த வயசிலை வேறை ஆர் வேலை தருவினம்?”



“எனக்கெண்டாலும் ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே.”

“பிக்கப்புக்கை இருந்துதான் எடுத்தனான். இஞ்சை பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம். என்ன கறி எண்டு கேட்டன்.”

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“வேலையா இருக்கிறன், பிறகு எடு எண்டு வைச்சனான், என்ன?”

“ஓம்.”

நீர்வேலியில் இறங்கும்போது தம்பியின் பையையும் அக்காவே தூக்கிக்கொண்டார்.