மாவு மில் சுவத்துல இருபத்தி நாலு சாவி

ஏழாவது தீர்மானத்துக்கு வந்துட்டோம். "கீழ்த்தளத்துல மாவு மில் சுவத்துல இருக்கற சாவிப் பலகைய உடனே எடுக்கணும்." இதை எழுதினது யாரு? நம்ம டவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அதாவது... நான்தான். நீங்க கை தூக்கறதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லிடறேன். சின்னக் கதைதான், பயப்படாதீங்க. சாப்பாடு ஆறாது.

இந்த நாப்பத்தோரு மாடி இருக்கே... கீழ கடை, நடுவுல ஆபீஸ், மேல நம்ம வீடு... இதே இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா? மங்களம் பில்டிங். மூணே மாடி. இருபத்தி நாலு குடும்பம். லிஃப்ட் கிடையாது. மழை பேஞ்சா மூணு மாடியும் ஒழுகும். நான் பொறந்து வளர்ந்தது அங்கதான். கீழ பூவராகண்ணனோட மாவு மில். அந்த மில் சுவத்துல ஒரு பலகை. பலகையில இருபத்தி நாலு ஆணி.

யாரு வெளிய போனாலும் வீட்டைப் பூட்டி, சாவிய அவங்கவங்க ஆணியில மாட்டிட்டுப் போவாங்க. ஆபீஸ் போறவங்களும் மாட்டுவாங்க, கல்யாணத்துக்கு ஊருக்குப் போறவங்களும் மாட்டுவாங்க. என்னிக்காவது ஒரு சாவி தொலைஞ்சுதா? இல்ல. ஒரு சாமான் காணாமப் போச்சா? எங்க வீட்ல ஒரு தடவை ஒரு கரண்டி போச்சு... அதுவும் எங்க அக்கா கல்யாண மண்டபத்துல விட்டுட்டு வந்தது!

ஒரே ஒரு கஷ்டம். பலகைக்கு நேர் கீழதான் மிளகா அரைக்கற மெஷின். சாவி பூரா மிளகாப் பொடி. நான் ஸ்கூல் விட்டு வந்து சாவிய எடுத்துட்டு மாடி ஏறி, பூட்டைத் தொறக்கறதுக்குள்ள... அச்! ஒரு தும்மல். உடனே பக்கத்து வீட்லேருந்து மெஹருன்னிசா அக்கா குரல் குடுப்பாங்க: "வந்துட்டியாப்பா?"

எங்கம்மாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. ஆறு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வீட்ல யாரும் இல்லேங்கற நினைப்பே வராது.

சரி... பில்டிங்க இடிக்கறதுன்னு முடிவாச்சு. காலி பண்ற நாள். சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? வீட்டைப் பூட்டினோம்! நாளைக்கு இடிக்கப் போற வீடு... உள்ள ஒரு துடைப்பம் கூட இல்ல... பூட்டி, இழுத்துப் பாத்து, சாவியக் கொண்டு போய் ஆணியில மாட்டிட்டு லாரியில ஏறிட்டோம். நான் மட்டுமா? இருபத்தி நாலு குடும்பமும்! மறுநாள் பில்டரோட ஆளு தலையில அடிச்சுக்கிட்டாரு. "இடிக்கற வீட்டை எவன்யா பூட்டுவான்?"

யாரு பூட்டுவா? நாங்க பூட்டுவோம்.

ஆறு வருஷத்துல டவர் எழும்பிடுச்சு. எங்களுக்கெல்லாம் மேல வீடு, ஆளுக்கொரு மாடியில. பூவராகண்ணனுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கடை. அவரு அங்க முதல்ல மாட்டினது எது? அந்தப் பலகை. அதே இருபத்தி நாலு சாவியோட. மெஹருன்னிசா அக்கா டவரைப் பாக்காமலே காலமாயிட்டாங்க. அவங்க சாவியும் அதுல தொங்குது.

போன வாரம் நான் போனேன். செயலாளர் இல்லையா... ஃபைலும் கையுமா போனேன்.

"பூவராகண்ணே, சுத்தி கண்ணாடி, கிரானைட்டு... நடுவுல துருப்பிடிச்ச சாவியா? பாக்க நல்லால்ல. எடுத்துடுங்க."

அவரு சண்டை போடல. "எடுத்துடறேன் தம்பி. ஆனா சாவியத் தூக்கிப் போட மாட்டேன். நம்பிக் குடுத்தது. அவங்கவங்க கையில திருப்பிக் குடுத்துடறேன்."

"அண்ணே, கதவே இல்லையே!"

"கதவு இல்லேன்னு எனக்கும் தெரியும். குடுத்தவங்க இருக்கீங்கல்ல? உன்னுதிலேருந்து ஆரம்பிப்போம். இந்தா."

உள்ளங்கையில வெச்சாரு. பச்சை நூல் கட்டின சாவி. எங்கம்மா கட்டின நூலு. மூக்குகிட்ட கொண்டு போனேன்...

அச்!

அவரு அந்தப் பக்கம் மெஷின்ல மிளகா கொட்டிட்டு இருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே கேக்கறாரு...

"வந்துட்டியா தம்பி?"

...

எனக்கு அம்பத்தெட்டு வயசு. சட்டையில சங்கத்தோட பேட்ஜ். அங்கயே நின்னு அழுதுட்டேன். மிளகாப் பொடி கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அவரு நம்பினாரான்னு தெரியல.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நம்ம டவர்ல நாலு கேட்டு, முந்நூறு கேமரா. கார்டு காட்டினாத்தான் லிஃப்ட், கார்டு காட்டினாத்தான் கதவு. வேண்டாம்னு சொல்லல, எல்லாம் இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன்... முப்பத்திரெண்டாவது மாடிக்காரரே, உங்களைத்தான்... நாளைக்கு ஊருக்குப் போறீங்க. உங்க சாவிய நம்பிக் குடுக்க இந்த டவர்ல ஒரு வீடு சொல்லுங்க. ஒரே ஒரு வீடு... யோசிக்கறீங்க. நானும் யோசிச்சேன் சார். மூணு வருஷமா இங்க இருக்கேன், எனக்கும் ஒரு பேரு வரல. நீங்க வீட்டுக்கு வந்தது கேமராவுக்குத் தெரியும். ஆனா அது கேக்காதுங்க... வந்துட்டியான்னு.

பழைய கட்டடம் போனதுக்கு நான் அழல. போகட்டும், அது ஒழுகற கட்டடம். சாவியக் குடுக்க ஒரு ஆள் இருந்த பழக்கம் போச்சே, அதுக்குத்தான் அழுதேன். அந்தப் பழக்கம் மூணு மாடியிலதான் இருக்கணுமா? நாப்பத்தோரு மாடியில இருக்கக் கூடாதா?

அதனால ஏழாவது தீர்மானத்தை... எழுதினவனே வாபஸ் வாங்கறேன். பச்சை நூல் சாவிய மறுபடி அதே ஆணியில மாட்டிட்டேன். என்னோட ஸ்பேர் கார்டும் நேத்திலேருந்து அது பக்கத்துல தொங்குது. பூவராகண்ணன் இன்னொரு பலகையும் அடிச்சு வெச்சிருக்காரு. ஆணி நிறையக் காலியா இருக்கு. மாட்டப் போறவங்க... கையில ஒரு கர்ச்சீப் எடுத்துட்டுப் போங்க.