நானாகப் பார்த்து வாங்கிய ஃபேன்

ஃபேன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காற்றைத்தான் பார்க்கிறார்கள். இறக்கை எவ்வளவு அகலம், கரண்ட் எவ்வளவு இழுக்கும், எத்தனை வருடம் உத்தரவாதம் என்று கேட்பார்கள். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. நான் அப்படி அவசரப்பட்டு வாங்கவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. இரண்டு மணி நேரம் நின்று வாங்கினேன். கடைப் பெண் ஆஷிகா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். சின்னப் பெண், நல்ல ஞாபகசக்தி.

என் பெயர் நாராயணன். வீட்டில் நாணு. நீடாமங்கலத்தில் தொலைபேசி நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். பாதி நாள் ஆபரேட்டர் வேலைதான். மணி மூன்று தடவை அடிப்பதற்குள் எடுத்துவிடுவேன். யாரையும் காத்திருக்க வைத்தேன் என்று என்மேல் ஒரு புகார் கிடையாது.

சென்ற வியாழக்கிழமை இறந்துபோன ஹரிஹரசுப்ரமணியன் என் அண்ணா. என்னைவிட ஒன்பது வயது பெரியவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதிலிருந்தே "நாணு" என்றால் போய் நிற்க வேண்டும். செருப்பு, செம்பு, பேப்பர், எதுவானாலும் நான்தான். குத்தாலத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடித்தனம் என்று பெண்ணின் அப்பா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா முந்திக்கொண்டார்.

"அவனை ஏன் கேக்கறேள்? நாணுவுக்குத் தானா ஒரு முடிவு எடுக்கத் தெரியாது. நான் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து தகவல் வரவில்லை, நானும் வேறு இடம் பார்க்கச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் ஆயிற்று. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருப்பவன் அல்ல நான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. மன்னி முன்னமே காலமாகிவிட்டதால், சென்னையில் இருக்கும் அவர் மகள் வித்யாலக்ஷ்மி அவரைக் கொண்டுவந்து என் வீட்டில் விட்டாள். பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் அவருக்கு மிஞ்சியிருந்தது. அது என் பெயர்.

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஃபஹ்மிதா எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "அவரு உங்களை மட்டும் கூப்பிடலை சார். தண்ணி வேணும்னாலும் அதுதான், வலிச்சாலும் அதுதான், சந்தோஷம்னாலும் அதுதான். அவருகிட்ட வேற வார்த்தை இல்ல." எனக்குப் புரிந்தது. ஒரு மணி நேரம் முடிந்ததும் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நான் எங்கே போவது?

ஒரு நாளைக்கு இருநூறு தடவை. முதலில் ஒவ்வொரு தடவையும் எழுந்து போனேன். பிறகு நாலில் ஒன்றுக்குப் போனேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுக் காத்தாயி ஜன்னலுக்கு வர ஆரம்பித்தாள். அவள் அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தவர். இப்போது அந்த வயல் அவளுடையது. அவள் அப்பா என்னை ஐயா என்பார், இவள் சார் என்கிறாள்.

"சார், அண்ணன் ரொம்ப நேரமா கூப்பிடுறாரு. உங்க காதுல விழலீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்பாள். ஆனால் தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். சில நாள் அவளே உள்ளே வந்து அண்ணாவுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டுப் போவாள். அவளைப் பார்த்து அவர் "நாணு" என்று சிரிப்பார். அறுபது வருடத்தில் என்னைப் பார்த்து அப்படி ஒரு நாள் சிரித்ததில்லை.

கத்திரி வெயில் தொடங்கியதும் வித்யா போன் செய்தாள். அப்பா இருக்கும் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, பழைய சீலிங் ஃபேன் போதாது, நல்லதாக ஒன்று, சத்தமில்லாததாக வாங்குங்கள் என்றாள். "எதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கோ சித்தப்பா" என்று முடித்தாள். நீங்களே என்று என்னிடம் அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

கடையில் ஆஷிகா, வீட்டுக்கா ஆபீஸுக்கா என்று கேட்டாள். ரிமோட் வைத்த ஒரு ஃபேனைக் காட்டி, ஓடுவதே தெரியாது என்றாள். கல்யாண மண்டபத்தில் நிற்குமே, அந்த மாதிரி காட்டு என்றேன். படுக்கையில் இருப்பவருக்கு என்றதும் அவள் முகம் சுருங்கியது. "நெல்லு தூத்துறதுக்கு வாங்கிட்டுப் போவாங்க சார் அதை. நோயாளி ரூமுக்கு வேணாம்."

நான் அவளைக் கடையின் அந்தக் கோடியில் நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு ஃபேனாக ஓடவிட்டு, "நாணு" என்று கூப்பிடச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். மூன்று ஃபேனில் கேட்டது. நாலாவதில் அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அதையே கட்டித் தரச் சொன்னேன்.

காற்று வெளியே போகாமல் இருக்க ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டேன். கதவையும் சாத்தினேன். மூன்று வேளை உள்ளே போய்ச் சோறு ஊட்டி, துடைத்து, துணி மாற்றிவிட்டு வருவேன். அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். காத்தாயி இரண்டு நாள் வந்து, மூடின ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இருபது நாள் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

முதல் வாக்குமூலத்தில் சொன்னதை மறுபடி சொல்கிறேன். வியாழக்கிழமை ஃபேன் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மாலை நாலேகாலுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன், அவர் இறந்து கிடந்தார். நான் கத்தியதும் காத்தாயி ஓடி வந்தாள். அப்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள்.

நீங்கள் இப்போது மேஜைமேல் வைத்திருப்பது என் வீட்டுப் பேப்பர்தான். புதன்கிழமைப் பேப்பர். மறுநாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை எங்கள் பகுதியில் மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டதும் நான்தான். மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொள்வதற்காக வட்டம் போட்டேன் என்று சொல்லலாம். உங்களைப் பார்த்தால் நம்புகிறவராகத் தெரியவில்லை.

சரி. ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. சுவிட்சை அணைக்காமல் விட்டேன். ஜன்னல் கொண்டியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கொஞ்சம் காற்று வந்திருக்கும், ஆனால் தெருவுக்கும் கேட்டிருக்கும். காத்தாயி நாற்றங்கால் வேலைக்குப் போயிருந்தாள் என்றாலும் அவள் மருமகள் வீட்டில் இருந்தாள். சாய்வு நாற்காலியை அவர் அறைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்கு அவர் கூப்பிட ஆரம்பித்தார். பன்னிரண்டு மணி வரை தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு நா வறண்டு, பாதிப் பெயர்தான் வந்தது. தண்ணீர்க் கூஜா என் காலடியில் இருந்தது. பழைய வேலைப் பழக்கம், ஒவ்வொரு தடவைக்கும் அந்தப் பேப்பரின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். திருப்பிப் பாருங்கள், நூற்றுப் பதினேழு கோடு இருக்கும். கடைசிக் கோடு இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போட்டது. நாலு மணிக்குக் கரண்ட் வந்து ஃபேன் ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் காபி போட எழுந்தேன்.

வித்யா வெளியே உட்கார்ந்து அழுகிறாள். கடைசி நேரத்தில் அப்பா தனியாகவா கிடந்தார் என்று எல்லாரையும் கேட்கிறாளாம். இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், அம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் கடைசி வரை நான் கூடவே இருந்தேன். ஒரு அழைப்பைக்கூட விடாமல் கேட்டேன்.