ஏரலைத் தாண்டிய மூச்சு

என் பெயர் சுவிசேஷமுத்து, வயது 74, தகப்பனார் காலஞ்சென்ற ஞானாபரணம். தச்சநல்லூரில் மனைவி எலிசபெத்துடன் குடியிருந்து வருகிறேன். அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மைத்துனர் எஸ்றா கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் மனைவிக்குப் புற்றுநோயால் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் மூன்று முறை ஊசி மூலம் எடுத்தும் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ஜூன் மாதம் மருத்துவர் விலாவில் மெல்லிய குழாய் ஒன்றை நிலையாக வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே வடிக்கச் சொன்னார். ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, இருமினால் நிறுத்த வேண்டும் என்று செவிலியர் மூன்று நாள் கற்றுக்கொடுத்தார். கை கழுவுவதிலிருந்து குழாயை மூடுவது வரை தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்த பிறகே செய்கிறேன். என் நினைவை நான் நம்புவதில்லை.

மூச்சை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆகவே அவள் பிறந்த ஊரான ஏரலுக்குப் பஸ் போகும் வழியிலுள்ள ஊர்களை ஒரே மூச்சில் சொல்லச் சொல்வேன். வடிக்கும் முன் பாளையங்கோட்டையோடு நின்றுவிடுவாள். வடித்த பின் ஏரலுக்கு முந்திய ஸ்ரீவைகுண்டம் வரை போவாள். முப்பத்திரண்டு ஆண்டு பலூனையும் கண்ணாடி ஜாடியையும் வைத்து நுரையீரல் பாடம் நடத்தியவன் நான். இருந்தும் அவள் ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போது கையுறையைக் கழற்ற மறந்து நின்றுவிடுகிறேன்.

நேற்று காலை பத்து மணிக்கு வடித்துக்கொண்டிருந்தபோது எஸ்றா வந்தார். இந்த நோயில் சிவப்பாகவே வரும் நீரைப் பையில் கண்டு, "என்ன அத்தான், எங்க அக்கா ரத்தத்தையெல்லாம் உறிஞ்சுதியளா?" என்று கத்திவிட்டு, அடுத்த தெருவிலுள்ள இந்தக் காவல் நிலையத்துக்கு ஓடினார். தாங்கள் வந்தபோது நானூறு மில்லி வடிந்திருந்தது. தாங்கள் சொன்னபடி குழாயை அடைத்தேன். அதன் பிறகு தாங்கள் மருத்துவச் சீட்டைப் படித்து, மருத்துவரிடம் போனில் பேசி, மீதியை வடிக்கச் சொன்னீர்கள். அப்போது என் மனைவி, "ஏலே எஸ்றா, ஆறு மாசமா எட்டிப் பாக்காதவன் போலீசக் கூட்டிட்டு வந்து நிக்க, வந்ததுதான் வந்த, அந்தப் பையயாவது பிடிலே" என்றாள். எஸ்றா பிடித்துக்கொண்டார்.

எண்ணூறு மில்லியில் அடைத்தேன். அதன் பிறகு அவள் வழக்கம்போல் சொன்னாள்: பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஏரல். அங்கேயும் நிற்கவில்லை. அதற்கடுத்த முக்காணியையும் சொன்னாள். தாங்கள் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தேன். எஸ்றா, "அக்கா, இன்னொருக்கா சொல்லு" என்றார்.

வரிசைப்படி முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைப் பயத்தில் விட்டுவிட்டேன். கடந்த பன்னிரண்டாம் தேதி அவள், "இன்னுங் கொஞ்சம் விடுங்க, ஏரலப் பாத்துருவேன்" என்று கெஞ்சியதால் ஒரு லிட்டருக்கு மேல் இருநூறு மில்லி கூடுதலாக வடித்தேன். ஒரு மணி நேரம் இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மருத்துவரிடம் சொல்லவில்லை. அது என் குற்றம். அதற்கு எந்த நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். குழாயை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை நாளை காலை பத்து மணிக்கு.

படித்துக் காட்டியபோது, எண்ணூறு மில்லி என்றிருப்பது சரியாக எழுநூற்று எண்பது என்று திருத்தம் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) ஞா. சுவிசேஷமுத்து
என் முன்பாக: உதவி ஆய்வாளர்