மரக்கடை வீட்டு அடுப்படி

இல்ல தம்பி, நீங்க சொல்றது சரிதான். வீடு நல்ல வீடு. யாரு இல்லன்னா? வாசல்ல வழவழன்னு கல்லு, குனிஞ்சு பாத்தா நம்ம மூஞ்சியே தெரியும். கூடத்துல சுவரு அகலத்துக்கு டிவி. தம்பின்னு கூப்பிடலாம்ல? உங்களைவிட எனக்குப் பத்து வயசாவது கூட இருக்கும். டீ ஆறுது, குடிங்க.

ஓ, அங்கயே குடிச்சாச்சா? நல்லாத்தான் இருந்திருக்கும். காஸ் அடுப்புல போட்ட டீ ஆச்சே. விருந்தாளி வந்தா மட்டும் பத்தவைக்கிற அடுப்பு அது. கூடத்தை ஒட்டின ரூம்ல மேடை மேல வெச்சு, பூப்போட்ட துணி போத்தியிருப்பாங்க, பாத்தீங்களா? பெத்த ஆத்தாளுக்குக்கூட அந்த வீட்டுல அவ்வளவு மரியாதை கிடையாது. டக்குனு டீ வந்துடுச்சு, நீங்களும் ஆகா, நம்ம பொண்ணு கஷ்டப்படமாட்டான்னு எழுந்து வந்துட்டீங்க.

பின்னாடி போனீங்களா? போகல. கை கழுவணும்னு ஒரு சாக்குச் சொல்லிட்டுப் போயிருக்கணும் தம்பி. பொண்ணு குடுக்கப் போறவரு கூடத்தை மட்டும் பாத்துட்டு வரலாமா? உங்க பொண்ணு டிவி முன்னாடியா குடித்தனம் பண்ணப் போறா?

பின்னாடி ஒரு தகரக் கொட்டகை இருக்கு. அதுதான் நெஜ அடுப்படி. மரம் அறுக்கிற மில்லு அவங்களது, தெரியும்ல? விறகு சும்மா கெடக்கு, மரத்தூள் மலையா கெடக்கு, அப்புறம் காஸுக்கு எதுக்குக் காசு அழணும்? அது அந்த வீட்டுப் பெரியவரோட புத்திசாலித்தனம். மில்லு ஆளுங்க அத்தனை பேருக்கும் ரெண்டு வேளை சோறு அந்தக் கொட்டகையிலதான் வேகணும். நல்ல கட்டையெல்லாம் விக்கப் போயிடும். அடுப்புக்கு வர்றது பச்சைப் பட்டையும் ஈரத்தூளும். அது எரியாது தம்பி, அழும். குனிஞ்சு ஊதணும். ஊதிட்டு மூச்சை இழுக்கறப்போ புகைதான் உள்ள போகும். ஜன்னலா? இருக்கே, ஒரு சாண் அகலத்துக்கு. பூனை வருதுன்னு அதுலயும் சாக்கைத் திணிச்சுட்டாங்க. பூனைக்காவது புத்தி இருக்கு, அது அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்ல.

சிரிக்கிறீங்க. சிரிங்க, இன்னும் இருக்கு.

பையனுக்கு இது ரெண்டாந்தாரம்னு சொன்னாங்கள்ல? பரவால்ல, அதையாவது சொன்னாங்களே. மொத மருமக வந்த புதுசுல துறுதுறுன்னு இருந்தவதான். நாளாக ஆக இருமல். அப்புறம் தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு நாலு எட்டு வெச்சா இளைப்பு. மாமியா என்னான்னா? உடம்பு வளையாத கழுதைன்னா. கண்ணு செக்கச்செவேல்னு தண்ணியாக் கொட்டுனா, எந்நேரமும் அழுமூஞ்சின்னா. ஒருநாள் சோத்துப் பானையோட சேந்து கீழ விழுந்தா பாருங்க, அப்பத்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சு. பானை உடைஞ்ச வருத்தம் தனி.

டாக்டரு நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துட்டு, என்னம்மா, வருஷக்கணக்கா பீடி குடிச்சவன் நெஞ்சு மாதிரி இருக்கேன்னாராம். அடுப்புப் புகைதான் இப்படிப் பண்ணியிருக்கு, இனி அந்தப் பக்கமே விடாதீங்கன்னு அடுத்த மூச்சுலயே சொல்லியிருக்காரு. அதை யாரு கேட்டா? மாமியா காதுல பீடி விழுந்துச்சு. அதோட காதை மூடிக்கிட்டா.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா அந்தப் பொண்ணு பெட்டியைத் தலைகீழாக் கொட்டுனாங்க தம்பி. எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கேன்னு! அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுத் துழாவுனாங்க. தலையணையைக் கிழிச்சாங்க. புருஷன்காரன் வாயில சிகரெட்டை வெச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் தேடறான்! ஒண்ணும் அகப்படல. உடனே மாமியா அவ தலைமுடியை மோந்து பாத்தா. புகை நாத்தம் வருதே, இதுக்கு மேல என்னடி அத்தாட்சி வேணும்னா. வராம? நாள் பூரா அடுப்படியில கெடக்கறவ தலையில சந்தனமா மணக்கும்?

புருஷனுக்கு என்ன, அவன் கல்லு மாதிரி இருக்கான். ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு ஊதறான். அவனுக்கும் ஒருநாள் வரும். எனக்கு அவசரம் இல்ல.

விடியறதுக்குள்ள தெருவெல்லாம் அதே பேச்சு. மரக்கடை மருமக பீடி குடிக்கிறாளாம். அதோட அந்த வீட்டுல அவ கதை முடிஞ்சுது. ஒரு ஆளு, அது புகைம்மா, பீடி இல்லன்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்லணுமே? ம்ஹூம். எல்லாரும் அங்கதான் விறகு வாங்கறாங்க. இந்தக் கடைக்காரரையே பாருங்க, நாம பேசறது காதுலயே விழாத மாதிரி டீ ஆத்தறாரு. தங்கமான மனுஷன். வாயைத் திறக்க மாட்டாரு. ஆனா அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யாராவது வந்தா, எனக்கு ஒரு போன் மட்டும் போட்டுருவாரு.

உங்க பொண்ணை நான் பாத்ததுகூட இல்ல தம்பி. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நான் கொட்டகையைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

என்ன கேட்டீங்க? அதுலதான் செத்தாளா?

யாரு செத்தா?

அப்படியா சொன்னாங்க! ராத்திரி தூங்கினவ காலையில எழுந்திருக்கலன்னா? கூடத்துல போட்டோ வேற மாட்டியிருக்கா? எது, பச்சைப் புடவை கட்டிக்கிட்டு, கொஞ்சம் முறைச்ச மாதிரி? அட பாவிகளா. அது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது தம்பி. சிரிடின்னு நான்தான் ஸ்டுடியோவுல நின்னு கெஞ்சுனேன், மாட்டேன்னுட்டா. விவாகரத்துக் காகிதம் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் வரலயேன்னு பாத்தேன். செத்துட்டான்னு சொல்லிட்டா அந்தச் செலவும் மிச்சம் பாருங்க!

அவ எம் பொண்ணு தம்பி. எங்கூட வீட்டுலதான் இருக்கா. அடுப்புப் பக்கம் வர முடியாது, அதனால சமையல் என்னுது. காலையில சோத்தைக் குழைய விட்டுட்டேன்னு அந்தத் திட்டுத் திட்டுனா. பாதியில மூச்சு வாங்கிடுச்சு. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னா. மீதித் திட்டு சாயங்காலத்துக்குப்பான்னு சொல்லிட்டுப் போயிட்டா.

வர்றேன் தம்பி. நேரமாச்சு.