ஊதிப் பார்த்தால் தெரியாது

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, நெஞ்சுக்குள்ளே படமெடுக்கும் வண்டியோடு வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, உலைச் சூட்டில் உரமேறிய பெரியவர்களே, அந்தச் சூட்டை வீட்டில் தாங்கும் தாய்மார்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கும் ஊதுகுழல் தம்பிகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மேடை எனக்குப் புதிது. மனதில் வருவதைச் சொல்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கண்ணாடிப் பட்டறையில் ஒருவர் இருமினால் ஆஸ்பத்திரிக்கா அனுப்புகிறோம்? குழலைக் கையில் கொடுக்கிறோம். "பெரிய ஜாடியை ஒரே மூச்சுல ஊது பாப்போம்" என்கிறோம். ஊதிவிட்டால் நல்ல நெஞ்சு. ஒரு கைதட்டல், ஒரு டீ, அதோடு முடிந்தது வைத்தியம்.

என் வீட்டுக்காரரை 'ஒத்தமூச்சு' என்றால்தான் உங்களுக்குத் தெரியும். ஊதுவதிலும் ஒத்தமூச்சு, புகைப்பதிலும் ஒத்தமூச்சு. சிரியுங்கள், அவர் இருந்தால் அவரும் சிரிப்பார். இருமல் வந்தபோது, "ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வாங்களேன்" என்றேன். சாயங்காலம் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். "இந்தாடி, இதான் என் ரிப்போர்ட்டு."

அந்த ஜாடியில் ஒரு குமிழி இல்லை, ஒரு கோணல் இல்லை. அவர் நெஞ்சிலோ, புற்றுநோய் அதற்குள் நாலு பக்கமும் பரவியிருந்தது. இன்று ஜாடி இருக்கிறது. அவர் இல்லை.

அழுவதற்கு எனக்கு வீடு இருக்கிறது. இங்கே வந்தது, அதோ தூணோரம் நெளிகிறாரே, என் கொழுந்தன், அவரைக் காட்டுவதற்கு. அண்ணனைப் போலவே குழல், அண்ணனைப் போலவே சிகரெட்.

"படம் எடுத்துட்டு வாங்க தம்பி, அப்புறம்தான் சோறு" என்றேன்.

"எனக்கு இருமல்கூட இல்லையே அண்ணி. வயித்துல அடிக்காதீங்க."

"ஒண்ணும் இல்லாதப்பவே போகணுமாம். போயிட்டு வந்தா முட்டை பொரிச்சுத் தரேன்."

முட்டைக்காகத்தான் போனார். ஊசி இல்லை, வலி இல்லை. படுத்தார், வளையத்துக்குள் போனார், வந்தார். "ஊதச் சொல்லல அண்ணி, மூச்சைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. எனக்கு அது பழக்கமே இல்ல" என்றார். நுரையீரலின் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. அண்ணனைக் கொண்டுபோன அதே நோய். பரவுமுன்னே பார்த்தார்கள், பார்த்ததும் அறுத்தெடுத்தார்கள். இன்று நம்மோடு நிற்கிறார்.

என்ன தம்பி, படத்தில் புள்ளி தெரிந்தாலே சாவுதானா என்றா கேட்கிறாய்? இல்லையப்பா. பெரும்பாலான புள்ளிகள் வெறும் தழும்பு என்கிறார் டாக்டரம்மா. எல்லாரும் வண்டியில் ஏறவும் வேண்டாம். வருஷக்கணக்காகப் புகைத்து, ஐம்பதைத் தொட்டவர்கள் ஏறினால் போதும்.

தொட்டால் தெரியாது, தட்டினால் தெரியாது, ஊதினால் தெரியவே தெரியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். பார்க்கிற வண்டி வாசலில் நிற்கிறது. நாம் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம்?

முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி அண்ணே, பட்டறையில் குழலை நீட்டும் கை உங்கள் கை. நீங்கள் ஏறினால் இவர்கள் ஏறுவார்கள். நீங்கள் அசையாவிட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள்.

என்ன அண்ணே? சத்தமாகச் சொல்லுங்கள். "பயமா இருக்கு தங்கச்சி" என்கிறார். கேட்டீர்களா? உலை வாயில் நின்று வளர்ந்தவர், ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். இதைவிட வேறென்ன தைரியம் வேண்டும்? பயத்தோடே ஏறலாம் அண்ணே, அதையும் சேர்த்து வண்டி தாங்கும்.

எழுந்துவிட்டார். வாசல் தம்பிகளே, வழி விடுங்கள். வழி விட்டுவிட்டு அங்கேயே நிற்காமல், உங்கள் அப்பாக்களையும் பின்னாலேயே கூட்டி வாருங்கள்.

கேட்ட காதுகளுக்கு நன்றி, ஏறப்போகும் கால்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. இந்த மைக்கை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், மேஸ்திரி அண்ணனோடு நானும் வண்டிவரைக்கும் போகிறேன். வணக்கம்.