ரேடியோ வரிசை

இதுவரை எடுக்கப்பட்ட எந்தப் பேய்ப்படமும் என்னைப் பயமுறுத்தியதில்லை, மேடம். இனிமேல் எடுக்கப்படுவதும் பயமுறுத்தாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் விசாரணை சீக்கிரம் முடியும். மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கலாமா? உங்கள் காகிதங்கள் பறக்கின்றன.

நேற்று நீங்கள் தெளிவாகச் சொன்னீர்கள். தெரிந்தே செய்திருந்தால் கல்லூரியை விட்டு நீக்கம். விவரம் புரியாமல் நடந்திருந்தால் கண்டிப்பும் கொஞ்ச நாள் இடைநீக்கமும். நான் தெரிந்தேதான் செய்தேன். கருத்தரங்கக் கூடத்தின் கதவை வெளியிலிருந்து பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டியது எனக்கு நன்றாகவே கேட்டது.

பக்கத்தில், கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என் அறைத்தோழன், அவன் காலையிலிருந்து ஒரே பாட்டைப் பாடுகிறான்: "அவனுக்குக் கேட்டிருக்காது மேடம், கேட்டிருந்தா கண்டிப்பா திறந்திருப்பான்." அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அவன் சோப்பு விளம்பரத்துக்கே கண் கலங்குகிறவன். அவனை நாங்கள் 'குடும்பப்படம்' என்று கூப்பிடுவோம். என்னைப் 'பாறை' என்பார்கள். அந்தப் பெயரை எனக்கு நானே வைத்துக்கொண்டதாக ஒரு வதந்தி உண்டு. வைத்தது யார் என்பதைவிட அது பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

எங்கள் திரை ரசிகர் வட்டம் சனிக்கிழமை மதியங்களில் கூடும். தலைவர் அக்கா. முதுகலை படிக்கிறாள், எல்லாருக்கும் அக்கா. ஒருமுறை அவளுடைய துறைத் தலைவரே வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளித்தார். நான் செயலாளர். புதிதாக வந்த படம், மனதைக் கலைக்கிற படம், பார்த்துவிட்டுச் சாப்பிட முடியாத படம் என்று தேடிப்பிடித்துக் கொண்டுவருவது என் வேலை. படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கருத்துச் சொல்ல வேண்டும்.

கருத்துகளின் தரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், மேடம். பாதாள அறைப் பேய்ப்படம் ஒன்று போட்டோம். அக்கா சொன்னாள்: "பேய் பரவாயில்லப்பா. அவ்ளோ பெரிய வீட்டை யாரு தினமும் பெருக்குறதுன்னு நினைச்சேன், அதான் பயமா இருந்துச்சு." ஒரு பழிவாங்கும் படத்தில் நாயகன் ஒரு கிடங்கு நிறைய ஆட்களை வரிசையாக அடித்துப் போட்டான். "வரிசையில கடைசியா நின்னவனுக்குத் தன் முறை வரும்னு தெரியும்ல? ஏன்டா ஓடல? வீட்ல என்ன கஷ்டமோ" என்றான் குடும்பப்படம். விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்டவன் அழும் காட்சியில் கண்ணீர் கீழே விழாமல் மிதந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நான் விரிவாகப் பேசி முடித்தேன். குடும்பப்படம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவம்டா, துடைச்சு விடக்கூட ஆள் இல்ல" என்றான். கூடம் முழுக்க அவனுக்குத்தான் கை தட்டியது.

எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. கொடூரமான படம் என்பது பரீட்சை. அதில் கண்ணை மூடுவது காப்பியடிப்பதற்குச் சமம். அதனால் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். விளக்கு எரிந்ததும், படத்தில் எங்காவது கண்ணை மூடியவர்கள் கையைத் தூக்க வேண்டும். தூக்கியவர்கள் அடுத்த வாரம் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். 'கண்ணை மூடுறவனுக்குப் படம் எதுக்கு, ரேடியோ போதாதா?' என்று நான் கேட்டது அந்த ஆண்டின் சிறந்த வசனம் என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதற்கு ரேடியோ வரிசை என்று பெயர்.

நான் முதல் வரிசை. நட்ட நடுவில். ஒருநாளும் கை தூக்கியதில்லை.

விளக்கு அணைந்ததும் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். அது பயம் அல்ல, படம் பார்க்கும் ஒரு முறை. கண்ணாடி இல்லாமல் எனக்கு இரண்டு முழத்துக்கு அப்பால் எல்லாமே நனைந்த ஓவியம். இரத்தம், குடல் போன்ற சில்லறை விவரங்கள் மறைந்து வண்ணங்களின் நகர்வு மட்டும் தெரியும். கலை அங்கேதான் இருக்கிறது. விவரங்களை மற்றவர்கள் கருத்துச் சொல்லும்போது சேகரித்துக்கொண்டு, கடைசியாக எழுந்து மறுத்துப் பேசுவேன். பெரிய விமர்சகர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைவிட நேர்மையாக இருக்க வாய்ப்பில்லை.

ரேடியோ வரிசையால் அவமானப்பட்டுத் திருந்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கேதான் மனித இயல்பு என்னைக் கைவிட்டது. குடும்பப்படம் அங்கே போன முதல் வாரமே பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்துச் சுற்றுக்கு விட்டான். அடுத்த வாரம் ஒரு ஏற்பாடும் வந்துவிட்டது. முறைவைத்து ஒருவர் மட்டும் திரையைப் பார்ப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பார்ப்பவர் மெல்லிய குரலில் கதை சொல்வார். மோசமான இடம் தாண்டியதும் பக்கத்திலிருப்பவரின் முழங்காலைத் தட்டுவார். அவர் கண்ணைத் திறந்து அடுத்தவரைத் தட்டுவார். முதல் வரிசையில் இருந்த எனக்கு எல்லாமே கேட்கும்.

"இப்ப பாக்கலாமா?"

"இரு இரு. இன்னும் கத்தியைக் கீழ வைக்கல."

"யாரு, அந்த மாமனாரா?"

"ஆமா, அந்தக் கிழவனேதான். மூஞ்சியைப் பாத்தப்பவே சொன்னேன்ல."

இப்படி ஒரு வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டு, பயந்துகொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டு படம் பார்த்தால் அந்த இயக்குநரின் உழைப்பு என்ன ஆவது? கொஞ்ச நாளில் கண்ணை மூடாதவர்களும் பொய்யாகக் கை தூக்க ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் இடம் இல்லாமல் அதற்கு முந்தைய வரிசையும் ரேடியோ ஆனது. அக்காவும் அங்கே போய்விட்டாள். முதல் வரிசையில் நான் தனியாக, கண்ணாடி இல்லாமல், வண்ணங்களின் நகர்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்கா ஒருநாள் என்னை கேன்டீனில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் டீ வாங்கிக் கொடுத்தால் கெட்ட செய்தி என்று எல்லாருக்கும் தெரியும். "தம்பி, இந்தக் கை தூக்குற வேலையை விட்டுடலாம்டா. அடுத்த மாசத்துலேர்ந்து குடும்பப்படம் செயலாளரா இருக்கட்டும். நீயும் பின்னாடி வந்து உக்காரு, ஜாலியா இருக்கும்." டீ நன்றாகத்தான் இருந்தது. முழுவதும் குடித்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைக்குத்தான் நான் அந்தப் பல் படத்தைக் கொண்டுவந்தேன். ஒரு பல் மருத்துவர், தன் குடும்பத்தார் தூங்கும்போது ஆளுக்கு ஒரு பல்லாகப் பிடுங்குகிறார். காலையில் எல்லாரும் ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிட உட்கார்கிறார்கள். ஒவ்வொரு நாளும் மெல்வது கொஞ்சம் கடினமாகிறது. யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. பார்த்தவர்களில் பலர் பாதியில் எழுந்துவிட்டதாகப் படித்தேன். அந்தச் செய்தி எனக்குப் பிடித்திருந்தது. பாதியில் எழ முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதிக்கவில்லை என்றும் தோன்றியது.

ஏற்பாடுகளைச் செயலாளர் என்ற முறையில் நானே செய்தேன். கைபேசி வெளிச்சம் படத்தைக் கெடுக்கிறது என்று எல்லாருடைய கைபேசிகளையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கிக்கொண்டேன். பிஸ்கட் கூடாது என்பதற்காகப் பைகளையும் வெளியே வைக்கச் சொன்னேன். படம் ஓடும் கணினியும் கூடத்தின் விளக்கு சுவிட்சுகளும் பின்னால் உள்ள சின்ன அறையில் இருக்கின்றன. அதற்கு வழி வராந்தாவில்தான். படத்தைப் போட்டேன். சின்ன அறையைப் பூட்டினேன். கூடத்தையும் பூட்டினேன். அன்று ரேடியோ வரிசை உண்மையாகவே படம் பார்க்கும் என்று நினைத்தபோது, ஒரு நல்ல ஆசிரியருக்கு உண்டாகும் திருப்தி எனக்கு உண்டானது.

நான் ஏன் உள்ளே இல்லை என்று கேட்கிறீர்கள். யாராவது ஒருவர் சாவியை வைத்திருக்க வேண்டும் அல்லவா.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். வாளி இடது பக்கம். பைகளை முதுகுக்கு அணை கொடுத்திருந்தேன். மெத்தென்று இருந்தது. அவற்றில் ஒன்று அக்காவுடையது. அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு என்பது வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய இன்ஹேலர் அந்தப் பையின் முன் அறையில் இருந்தது என்பதும், அவள் அதை எடுக்கப் போனபோது "படம்தானே அக்கா, மலையா ஏறப் போறீங்க?" என்று தடுத்தவன் நான் என்பதும் உண்மை. அப்போது எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன்பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு இரைப்பு வந்திருக்கிறது. விளக்கைப் போட முடியவில்லை, படத்தை நிறுத்த முடியவில்லை, திரையில் பல் மருத்துவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாருமாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பிறகு உதைத்திருக்கிறார்கள். பிறகு குடும்பப்படம் திரைச்சீலையை விலக்கி, ஜன்னல் வழியாகச் சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் இறங்கி, அங்கிருந்து கீழே விழுந்து, உடைந்த காலோடு காவலாளி அண்ணனைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறான். முதலில் நான் கேள்விப்பட்டபோது, அவன் படத்தைத் தாங்க முடியாமல் குதித்துவிட்டான் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு படத்துக்கு அதைவிட முழுமையான விமர்சனம் கிடையாது என்று பாராட்டக்கூட இருந்தேன். அக்காவுக்காகக் குதித்தான் என்று பிறகுதான் சொன்னார்கள். அது விமர்சனத்தில் சேராது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள், "கேட்டுச்சாடா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். கேட்டது அக்கா என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்களுக்கும் அதே பதில்தான். கேட்டது. ஒவ்வொரு தட்டும் கேட்டது. கேட்டும் திறக்கவில்லை. கொடூரமானவன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. நீக்குங்கள். வீட்டில் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

காவலாளி அண்ணன் வேறு விதமாகச் சொன்னதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "ரெண்டு காதுலயும் விரலை விட்டுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, தலையை முழங்காலுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தான் தம்பி. சாவி வாங்கத் தோளைத் தொட்டதும் அம்மான்னு அலறிட்டான்" என்றாராம். நல்ல மனிதர். பார்வை சரியில்லை. மேலும் பேச்சுத் தமிழில் அம்மா என்பது பொதுவான ஒரு வியப்புச் சொல். படத்தில் அந்தப் பல் மருத்துவரின் துளையிடும் கருவி போட்ட சத்தம் கதவைத் தாண்டி வராந்தா வரைக்கும் வந்தது என்பதும், கண்ணாடியைக் கழற்றினால் சத்தம் மங்காது என்பதும் பொதுவான தகவல்கள். அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கணினியை ஏன் என் பக்கம் திருப்புகிறீர்கள்?

புரிகிறது. எல்லாம் கேட்டது என்கிறேன். அப்படியானால் படம் எந்த இடத்தில் ஓடும்போது தட்டினார்கள், எந்த இடத்தில் உதைத்தார்கள் என்று காட்டச் சொல்கிறீர்கள். நியாயமான கேள்வி. காட்டுகிறேன். போடுங்கள்.

ஒரு நிமிடம், கண்ணாடியில் தூசி. துடைத்துக்கொள்கிறேன். நீங்கள் போடுங்கள், நான் துடைத்துக்கொண்டே பார்க்கிறேன். இது அந்தச் சாப்பாட்டு மேசைதானே, ஏதோ மஞ்சளாகத் தெரிகிறது. சத்தம் கொஞ்சம் குறைத்தால் நல்லது, பக்கத்து அறையில் வகுப்பு நடக்கலாம். இல்லையா, இன்று விடுமுறையா. சரி.

அந்தக் கருவியை எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

"டேய்" என்கிறான் பக்கத்தில் குடும்பப்படம். குரல் தாழ்ந்திருக்கிறது. "மூடிக்கடா. நான் பாத்துக்கறேன். முடிஞ்சதும் தட்டுறேன்."

மேடம், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது, உதடு அசைகிறது. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை. விரல்களை எடுத்ததும் பதில் சொல்கிறேன். இப்போது உதடும் தெரியவில்லை.

அவன் இன்னும் என் முழங்காலைத் தட்டவில்லை.