பிரிட்ஜ் இருக்கும் வீடு

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் உதவிக் குழுத் தலைவர் அவர்களே, நான் வழி தவறினால் இருமிக் காட்டும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தமர்ந்த தாய்மார்களே, இடமின்றிக் கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்!

வறுமை எதனால் வருகிறது? சோம்பலால் என்கிறார்கள். சோம்பலால்தான் வறுமை என்றால், செங்கல் சுமப்பவரல்லவா சீமானாக இருக்க வேண்டும்? மூட்டை தூக்குபவரல்லவா மாளிகையில் வாழ வேண்டும்? ஊதாரித்தனத்தால் என்கிறார்கள். கையில் ஒன்றுமில்லாதவர் எதை ஐயா ஊதாரித்தனம் செய்வார்? கை தட்டாதீர்கள்! அப்படிச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

செவிலியர் படிப்புக்கு இலவச இடம் கேட்ட பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்துவரக் குழு என்னை அனுப்பியது. எங்கள் விதி என்ன தெரியுமா? பிரிட்ஜ் இருந்தால் அது ஏழை வீடல்ல! அட்டைப்பெட்டி ஒட்டும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மகளும் அவரும் மட்டுமே வாழும் ஒற்றை அறை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பிரிட்ஜ். மகள் பெயரை அடித்துவிட்டுப் பட்டியலைத் தலைவரிடம் கொடுத்தேன்.

மறுநாள், இடம் இல்லை என்று சொல்ல நானே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வாய் சும்மா இருக்குமா?

"அதான் பெரிய பிரிட்ஜ் வச்சிருக்கீங்களே, ஜில்லுன்னு ஒரு டம்ளர் தண்ணி குடுங்கம்மா" என்றேன், குத்தலாக.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அது ஓடாதுண்ணே! தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கினேன். கூரை ஒழுகுது, எலித் தொல்லை வேற. புள்ளையோட புத்தகத்தை வேற எங்கண்ணே வைப்பேன்?"

பிரிட்ஜ் கதவைத் திறந்தார். மேல்தட்டில் சான்றிதழ்கள். கீழ்த்தட்டில் பாடப் புத்தகங்கள். முட்டை வைக்கும் குழிகளில் பென்சில்கள்!

சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். ஏனென்றால், முப்பது ஆண்டுகளாகப் பிரிட்ஜ் பழுது பார்ப்பவன் நான்! பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுபவன். அன்று என் காது எங்கே போயிற்று? சந்தேகப்படவென்றே கிளம்பியவனுக்குக் கண்ணும் வேலை செய்யவில்லை, காதும் வேலை செய்யவில்லை.

ஓடினேன். செருப்பு அறுந்தும் நிற்காமல் ஓடினேன். தலைவர் பட்டியலை உறையிலிட்டுப் பசை தடவிக்கொண்டிருந்தார். "ஒட்டாதீங்கய்யா!" என்று நான் போட்ட கூச்சலில் பசைக் குப்பியே கவிழ்ந்தது. தலைவர் தலையாட்டுகிறார், பாருங்கள்! பெயர் சேர்ந்தது. அப்பாடா! அந்தப் பிள்ளை இன்று வகுப்பில் இருக்கிறாள். எனக்கும் சோறு தொண்டைக்குள் இறங்குகிறது.

ஆனால் அன்று எனக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால்? முந்தைய ஆண்டுகளில் நான் அடித்த பெயர்கள்? அந்த விதியைக் கிழித்துவிட்டோம். அடித்த வீடுகளுக்கெல்லாம் மீண்டும் போகிறோம். இம்முறை அந்த அம்மாவும் எங்கள் குழுவில் ஒருவர். கேட்டபோது, "நான் என்ன படிச்சவளாண்ணே?" என்று தயங்கினார். தாயே, எது இல்லாமை என்று எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை!

கடைசி வரிசையில் ஒளிந்திருக்கிறீர்களே அம்மா, மேடைக்கு வாருங்கள். என் பக்கத்து நாற்காலி உங்களுக்காகத்தான் காலியாக இருக்கிறது. வழி விடுங்கள் ஐயா, வழி விடுங்கள்! என் தவற்றையும் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!